உள்ளங்கைக்கு வலி வந்த சேதி

ஜெர்சி சிட்டி,
13 செப்டம்பர் 1998

அன்புள்ள மாப்பிள்ளை கதிருக்கு, உன் மாமன் சேனாபதி எழுதுவது. இங்கே நான், உன் அத்தை சாந்தாமணி, என் இடது கை ஆகிய மூவரும் சுகம், டெக்சாஸ் ரவுண்ட் ராக்கில் நீயும் உன் காரும் சுகமாக இருக்க மருதமலையானை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். வலது கையின் சுகத்தை ஒரு வரியில் அடக்க முடியாது, அதற்காகத்தான் இந்தச் சாசனம். எழுதுவது இடது கை, ஐம்பத்தாறு வயதில் அதற்கு அரிச்சுவடி, எழுத்து கோழி கிளறியது போலிருந்தால் பொறுத்துக்கொள்.

ஏப்ரலில் நடந்ததை நீ மறந்திருக்கமாட்டாய். பிச்சுமணி குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தார், நான் டெலிபோன் டிபார்ட்மென்டில் இருந்தபோது பவானி வெள்ளத்தில் கேபிளைப் பல்லில் கடித்துக்கொண்டு நீந்தி அக்கரை சேர்ந்த வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன், நீ சோற்றைப் பிசைந்தபடியே, நம்பாதீங்க அங்கிள், போன வருஷம் இது வாய்க்கா, இந்த வருஷம் ஆறு, அடுத்த வருஷம் பசிபிக் ஓஷன் ஆயிடும் என்றாய். மேசையே சிரித்தது. கை எழுந்துவிட்டது. நீ குனிந்தாய், கை உன் தலைக்கு மேலே போய் பால்கனிக் கண்ணாடிக் கதவில் இறங்கியது. ஹட்சன் ஆறே வெட்கப்படும் அளவுக்கு ரத்தம், ரசப் பாத்திரம்வரை தெறித்தது, பிச்சுமணியின் மனைவி மீனாக்ஷி தட்டோடு சாய்ந்தாள். நீதான் காரில் போட்டு எமர்ஜென்சிக்குக் கொண்டுபோனாய். இரண்டு வாரத்தில் டெக்சாஸ் வேலையை ஒப்புக்கொண்டு போய்விட்டாய், இப்போது அத்தையிடம் மட்டும் கை எப்படி என்று கேட்டுவிட்டு போனை வைக்கிறாய். மாமனை முடமாக்கிட்டேன்னு பையன் நெனச்சுட்டு இருக்கானுங்க என்று அவள் அழுகிறாள்.

கண்ணாடி அறுத்தது மணிக்கட்டில் ஓடும் பெரிய நரம்பை. நரம்பென்றால் ஏதோ கயிறு என்று நினைத்திருந்தேன், தைத்த டாக்டர் கஸ்தூரிரங்கன் படம் போட்டுக் காட்டியபிறகு பார்த்தால் அது நாங்கள் பூமியில் புதைத்த கேபிளேதான். வெளியே ஓர் உறை, உள்ளே கற்றை கற்றையாக இழைகள், பல இழைகளுக்குக் கொழுப்பிலேயே இன்சுலேஷன். ஒரு இழை என்பது ஒரே ஒரு செல்லின் வால், தலை முதுகெலும்பு ஓரத்தில் உட்கார்ந்திருக்க வால் விரல் நுனிவரை நீள்கிறது. அறுபட்டால் விரல் பக்கத்துத் துண்டு செத்துப்போகும், உறை மட்டும் காலிக் குழாயாக மிஞ்சும். தலையோடு ஒட்டிய பக்கம் அந்தக் குழாய்க்குள் புகுந்து வளர்ந்து வர வேண்டும், நாளுக்கு ஒரு மில்லிமீட்டர். நம்மூர் ட்ரங்க் கால்கூட இதைவிட வேகம் என்றேன், டாக்டர் சிரிக்கவில்லை.

ஆக, கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரலும் உள்ளங்கையும் செருப்புத் தோலாகிவிட்டன. அதை வைத்து ஜூனில் ஒரு வெள்ளிக்கிழமை பூஜையில், நான் சித்தி அடைந்துவிட்டேன் என்று பன்னிரண்டு பேர் முன்னால் அறிவித்து, உள்ளங்கையில் இரண்டு கட்டிக் கற்பூரம் வைத்துக் கொளுத்தி முருகனுக்குக் காட்டினேன். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், நான் இமயமலை ரிஷிபோல நின்றேன், ஒன்றுமே உறைக்கவில்லை. அடுக்களையிலிருந்து உன் அத்தை வந்து, வெள்ளிக்கெழமையும் அதுவுமா யாரு வீட்டுலங்க கறி பொசுங்குது என்றாள். பொசுங்கியது நான். ஈரத்துண்டால் அடித்து அணைத்தாள், தோல் துண்டோடு வந்துவிட்டது, நடுவில் ஒரு குழி, அடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. ஆறு வாரம் செத்த சதையைச் சுரண்டினார்கள், சீழ் உள்ளே இறங்கினால் விரல்களை எடுக்க வேண்டிவரும் என்றார்கள். டாக்டர் கத்திய கத்தலில் நர்ஸ் கதவைச் சாத்தினாள், வலி இல்லன்னா அந்தக் கை உங்களுது இல்ல சார், யார் வேணா எரிச்சுட்டுப் போலாம் என்றார்.

போன செவ்வாய்க்கிழமை பழக்கதோஷத்தில் வலது கையால் காபி டம்ளரை எடுத்தேன். கடப்பாரையை உள்ளங்கையில் இறக்கியதுபோல் ஒரு வலி, டம்ளர் கூரையில் மோதியது, நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக் குஜராத்திக்காரர் பேஸ்பால் மட்டையோடு ஓடிவந்தார், அவரைக் கட்டிப்பிடித்து ஆடினேன். அத்தை கேசரி கிளறினாள். இன்னும் கட்டைவிரலைத் தொட்டால் நடுவிரலில் மணி அடிக்கிறது, லைன் மாறி இணைந்திருக்கிறது, போகப்போகப் பழகும் என்கிறார் டாக்டர்.

அவரிடம் ஒன்று கேட்டேன், சுடுகிறது என்று எனக்குத் தெரியும் முன்பே கை உதறிவிட்டதே எப்படி என்று. அந்த உத்தரவு முதுகுத்தண்டிலிருந்தே வந்துவிடும், மூளைக்குச் சேதி பிறகுதான் போகும் என்றார். எனக்கு வக்கீல் பாயின்ட் கிடைத்துவிட்டது. அதுவரை அவரிடம் வழுக்கி விழுந்தேன் என்றே சொல்லியிருந்தவன் உண்மையைச் சொல்லி, கோபத்தில் பிள்ளை மேல கை போறதும் இப்படித்தான டாக்டர், தானா நடக்கறதுதான என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். இல்ல சார், அடிக்கிற கைக்கு ஆர்டர் மூளையில இருந்துதான் வரணும், எழுந்துக்கணும், ஓங்கணும், குறி பார்க்கணும், பையன் குனிஞ்சான் பாருங்க, அது மட்டும்தான் தானா நடந்தது என்றார்.

கதிர், உனக்கு எட்டு வயதிருக்கும்போது உன் அம்மா உன்னை என்னிடம் விட்டுப் போனாள். அன்றிலிருந்து உன்மேல் ஒரு விரல்கூடப் பட்டதில்லை என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன், அதுவும் பெருக்கிச் சொன்னதுதான், உனக்கே தெரியும். ஏப்ரலில் நடந்ததைப் பெருக்கவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். நான் எழுந்தேன், நான் ஓங்கினேன், உன் கன்னத்தைக் குறி பார்த்தேன். என் கையை நீ ஒன்றும் செய்யவில்லை.

இருவருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. ஃப்ரீவேயில் மெதுவாகப் போ, வெறும் வயிற்றில் ஆபீஸ் போகாதே, தீபாவளிக்கு வருவதானால் அத்தையிடமாவது சொல். மறக்கக்கூடாதது ஒன்று, யார் கை ஓங்கினாலும் குனி, ஓங்குவது நானென்றால் இன்னும் சீக்கிரம் குனி.

உன் மாமன்,
சேனாபதி