உபதேசியாரிடம் சொன்ன பொய்

ஆஸ்டின் டவுன், பெங்களூர்
24 ஆகஸ்ட் 1936

அன்பு மகள் நோராவுக்கு அம்மா பிரிஜெட் எழுதுவது. மாதாவின் தயவால் நானும் அப்பாவும் நடமாட்டமாக இருக்கிறோம், நீயும் ரங்கூன் ஆஸ்பத்திரியில் அந்த நோயாளிகளின் நடுவே நோய் அண்டாமல் இருக்க வேண்டுமென்று மன்றாடுகிறோம். இங்கே மழை விட்டபாடில்லை, துணி காய்வதில்லை, அவரைக்காய் விலை ஏறிவிட்டது. அப்பாவுக்கு இருமல். நீ அனுப்பின பர்மாக் குடை நனைந்து கெட்டுவிடுமாம், அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு மில்லுக்கு நனைந்துகொண்டே போகிறார், சொன்னால் கேட்கிற மனுஷனா.

நம் கோயில் சாமியாருக்குத் துணையாகக் கோலாரிலிருந்து டெஸ்மண்ட் என்று புது உபதேசியார் வந்திருக்கிறார். ஞாயிறு பூசை முடிந்ததும் பின்பக்கக் கொட்டகையில் பெஞ்சு போட்டு உட்கார்ந்துகொள்வார். குடி, புருஷன் பெண்டாட்டி சண்டை, பிள்ளைகள் அடங்காமை என்று யார் எந்தக் குறையோடு வந்தாலும் கேட்டு, கூட முழங்காலிட்டுச் செபித்து, புத்தி சொல்லி அனுப்புவார். குடியை விட்ட ஆண்களைக் குடிக்கிறவர்களுக்குத் துணையாகச் சேர்த்துவிட்டு, மில் விட்டதும் கள்ளுக்கடைப் பக்கம் திரும்பவிடாமல் வீட்டுவாசல்வரை கூடவே நடக்கச் சொல்வார். ஊரே அவரைப் புகழ்ந்தது. எனக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே சரிப்படவில்லை. பாவசங்கீர்த்தனம் கேட்கும் சாமியார் உயிர் போனாலும் வாயைத் திறக்கக் கூடாது, இவருக்கு என்ன கட்டு? பெண்டாட்டி பிள்ளை உள்ளவர், சோறு போடும்போது அவள் கேட்டால் சொல்லாமலா இருப்பார்? அதோடு அவர் எதுவும் கேட்பதுமில்லை, நம் முகத்தையே பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார், நாமாகவே எல்லாவற்றையும் கொட்டிவிடுவோம். அப்படிப்பட்ட ஆளை எப்படி நம்புவது?

என் சந்தேகம் வீண் இல்லை என்பது போலவே ஒன்று நடந்தது. பக்கத்து வீட்டு மௌரீன், புருஷன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்று அவரிடம் போய் அழுதாள். அடுத்த வாரமே குழாயடியில் அதே பேச்சு. இந்த மனுஷன்தான் சொல்லியிருக்க வேண்டும், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் முக்காட்டை இழுத்துவிட்டு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒரு பொய் சொன்னேன். என் மகள் ரங்கூனில் ஒரு பர்மாக்கார டாக்டரைக் கட்டிக்கொள்ளப் போகிறாளாம், எனக்குச் சோறு இறங்கவில்லை என்று. எத்தனையோ பொய் இருக்க அது ஏன் வாயில் வந்தது என்று கேட்காதே, தாய்க்கு எந்தப் பயம் அடியில் கிடக்கிறதோ அதுதான் வரும். அப்பாவிடம்கூட இதைச் சொல்லவில்லை. வெளியே வந்தால் அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

வந்துவிட்டது. குழாயடியில் மௌரீன் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "அக்கா, நம்ம நோரா ரங்கூன்ல யாரோ ஐயங்கார் பையனைக் கட்டிக்கப் போவுதாமே, தொறைமுக ஆபீஸ்ல குமாஸ்தாவாமே, நெஜமா?" என்று கேட்டாள். எனக்குத் தலை கொதித்தது. டாக்டரைக் குமாஸ்தாவாக்கி, பர்மாக்காரனை ஐயங்காராக்கிச் சொன்னால் பிடிபட மாட்டோம் என்று மாற்றியிருக்கிறார் என்றே நினைத்தேன். நேரே கோயிலுக்குப் போய், சாமியாரும் மாதா சபைப் பெண்களும் நிற்கும்போதே, இவர் ஒருவரிடம் மட்டும் சொன்ன குடும்ப விஷயம் ஐயங்கார் பையன் அது இது என்று தெருவெல்லாம் நாறுகிறது என்று கத்திவிட்டேன். அந்த அம்மா உம்மிடம் என்ன சொன்னார்கள் என்று சாமியார் கேட்டார். உபதேசியார் தலையைக் குனிந்துகொண்டு, "அது அவங்க என்னை நம்பிச் சொன்னது சாமி, நான் வெளியே சொல்லக் கூடாது" என்றார். பார், மழுப்புகிறார் என்று நினைத்தேன். விசாரித்து முடியும்வரை யாரும் அவரிடம் போக வேண்டாம் என்று சாமியார் நிறுத்திவிட்டார். வெற்றி பெற்றவள் போல வீட்டுக்கு வந்தேன்.

அதன்பின் டொமினிக் வந்தான், ரங்கூன் அரிசி ஆலையில் இருக்கிற உன் அத்தை மகன், லீவில் வந்திருக்கிறான். நீ கொடுத்தனுப்பின பட்டுத்துணியை வைத்துவிட்டு நெளிந்தான். "அத்தை, அன்னிக்கு நான் வந்தப்ப உங்க வீடு பூட்டியிருந்தது, மௌரீன் அக்கா வீட்ல உக்காந்திருந்தேன், அங்க நான்தான் நோரா விஷயத்த வாய் தவறிச் சொல்லிட்டேன். உங்களுக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சேன். அவங்க ரெண்டு பேரும் ஞாயித்துக்கெழமைல ஏரிக்கரையில ஒண்ணா நடக்கறாங்க, அங்க எல்லாரும் பாக்கறாங்க" என்றான். நான் சொன்ன பொய் ஒரு பக்கம் அப்படியே கிடக்க, இது வேறு எங்கிருந்தோ வந்த நிஜம். பர்மாக்கார டாக்டர் என்றுதான் இந்த அம்மா சொன்னாள் என்று உபதேசியார் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே தப்பித்திருப்பார். என் பொய்யைக்கூட அவர் காப்பாற்றியிருக்கிறார்.

பெஞ்சு காலியாக இருந்த நாட்களில் மௌரீன் புருஷனோடு துணைக்கு நடந்து வந்த ஆளும் வருவதை நிறுத்திவிட்டான், புருஷன் மறுபடியும் குடித்துவிட்டு வந்து அவள் நெற்றியைப் பிளந்துவிட்டான். நான்தான் கட்டுப் போட்டேன். அப்போது அவள், "உபதேசியாரு யாருகிட்டயும் சொல்லல அக்கா, நம்ம சுவரு மெல்லிசு, நான் அழுதா தெருவுக்கே கேக்கும். அவருகிட்ட போனப்புறம்தான் கொஞ்ச நாள் அழாம இருந்தேன்" என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றே போய் அதே சாமியார் முன்னால், அதே பெண்கள் முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன், பொய் சொன்னதையும் சேர்த்து. பெஞ்சு திரும்ப வந்தது. நானும் மறுபடி போய் உட்கார்ந்தேன், இந்தத் தடவை கண்ணைக் கசக்க வேண்டியிருக்கவில்லை. உபதேசியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நோராவையே கேட்டீங்களாம்மா?" என்றார், அவ்வளவுதான். இப்போதும் அவர்மேல் முழு நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைக்காதே. அவர் பெண்டாட்டி என்னை ஒரு மாதிரி பார்க்கிறாளா என்று பூசையில் கவனித்தேன், சாதாரணமாகத்தான் பார்த்தாள். நேற்று அப்பா என்னிடம் சொல்லாமலே போய் அங்கே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். என்ன பேசினார் என்று உபதேசியாரிடம் சாடையாகக் கேட்டுப் பார்த்தேன், சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ஆகையால் உன்னையே கேட்கிறேன். நிஜமா? நிஜமானால் அவன் பெயர் என்ன, அவன் வீட்டுக்குத் தெரியுமா, நீ ஞானஸ்நானம் பெற்றவள் என்பது அவனுக்கு ஒரு பொருட்டா? நான் அழுவேன், அப்பா சில நாள் பேச மாட்டார், அதற்காக மறைக்காதே. எதுவானாலும் உன் கையால் எழுதி வரட்டும், ஊரார் வாயால் வர வேண்டாம். மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி, ராத்திரி டூட்டிக்குத் தனியாக நடந்து போகாதே. பதில் வரும்வரை எனக்குத் தூக்கம் இல்லை.

உன் வரவையும் உன் வார்த்தையையும் பார்த்திருக்கும்
அம்மா பிரிஜெட்