வாசலோடு திருப்பி அனுப்பிய இருவர்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் அப்படித்தான் என்று எழுத ஆசைதான், பொய் எழுதக் கை வரவில்லை. உன் தங்கை பரீட்சை எழுதி முடித்துவிட்டாள், சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. மற்றதெல்லாம் கோபம்தான், உன்மேல்.

பத்து மாதம் உன் அப்பா ஒரு சொட்டுத் தொடவில்லை. அதற்கு முன்னால் மூன்று தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், உடம்பைத் தேற்றி அனுப்பினார்கள், வீட்டுக்கு வந்த பிறகு கூட நிற்க ஆளில்லை. நின்றது சைக்கிள் கடை மாடியில் ஞாயிறும் புதனும் கூடுகிற அந்தப் பன்னிரண்டு பேர்தான். எல்லோருமே குடித்துக் கெட்டவர்கள், ஒருவர் தடுக்கினால் இன்னொருவர் பிடித்துக்கொள்வார். பட்டறையில் வாயே திறக்காத மனுஷர் அங்கே போய் மணிக்கணக்கில் பேசினார் என்றால் பார்த்துக்கொள். நீ என்ன செய்தாய்? உன் மாமனார் மாமியார் எங்களைப் பார்க்க வரப்போகிறார்கள் என்றதும் அப்பாவுக்குப் போன் போட்டு, "அதான் சரியாயிட்டீங்களேப்பா, இன்னும் எதுக்கு அந்தக் குடிகாரக் கும்பலோட உட்காரணும்?" என்று கேட்டாய். மகன் பேச்சுக்கு மறுபேச்சு ஏது, போவதை நிறுத்திவிட்டார். படித்த பிள்ளை சொல்கிறானே என்று நானும் தலையாட்டினேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் தொடர்ந்து இரண்டு கூட்டத்துக்கு வராவிட்டால் இரண்டு பேர் வீடு தேடி வருவார்கள். ஏன் வரவில்லை என்று கேட்கமாட்டார்கள், புத்தி சொல்லமாட்டார்கள், கொஞ்ச நேரம் கூட உட்கார்ந்துவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான். அப்படித்தான் சலூன்காரரும் ரிட்டயரான கணக்கு வாத்தியாரும் வந்தார்கள். கூடத்தில் ஊரிலிருந்து வந்த உன் மாமனாரும் மாமியாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் வாசலை மறைத்துக்கொண்டு, உன் அப்பா ஊரில் இல்லை என்றேன். உள்ளே அவர் இருமுவது அவர்களுக்குக் கேட்டது. பரவாயில்லை, அப்புறம் வருகிறோம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் நடுப்பகலில் அப்பாவைப் பட்டறையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். குடித்துவிட்டு வெல்டிங் வைத்ததில் வலது கை வெந்துபோயிருந்தது.

யாருக்கும் தெரியக்கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்தோமே, தெருவே பார்த்தது. உன் மாமனாரும் மாமியாரும் அன்றைக்கே கிளம்பிப் போய்விட்டார்கள். படியேறி வந்தது அதே சலூன்காரர்தான். கடையைச் சாத்திவிட்டு வந்து, கட்டுப் போட்ட கையோடு கிடந்தவருக்குச் சவரம் செய்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறியிருக்கும். "நானும் நாலு தடவை விழுந்தவன்தாம்மா, எழுந்திருக்கும்போது ஆளு வேணும்" என்றார்.

ஆனால் உன் அப்பா கூட்டத்துக்குப் போகமாட்டேன் என்கிறார். ஆறு நாளாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். அங்கே போனால் மகனுக்குத் தலைகுனிவாம். வாத்தியார் வந்து கூப்பிட்டும் எழவில்லை, நானும் அழுது பார்த்துவிட்டேன். போகாதீங்க என்றது உன் வாய், போங்கப்பா என்பதும் அந்த வாயிலிருந்துதான் வரவேண்டும். மன்னிப்பு கின்னிப்பு ஒன்றும் வேண்டாம். இன்னொரு தடவை குடித்தால் கல்லீரல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நீயும் அவளும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிடு. கடிதம் கிடைத்ததும் அவருக்குப் போன் போடு. அதற்கு வெட்கமாக இருந்தால் டிக்கெட்டாவது எடுத்து வைத்துக்கொள், மூத்த பிள்ளை, கடைசிக் காரியத்துக்கு நீதானே வரவேண்டும்.

கோபம் தீராத
உன் அம்மா