பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டதாம்

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் மாமா எழுதுவது. நலம் விசாரித்து எழுதப் பேனா வரவில்லை. உன் அக்கா எப்படி இருக்கிறாள் என்று மூன்று வாரமாக நீ தினமும் போனில் அழுகிறாய். நேற்றிலிருந்து உன் போனை நான் எடுக்கவில்லை. எடுத்தால் கத்துவேன், உள்ளே படுத்திருப்பவளுக்குக் கேட்கும்.

பேச்சுப் பயிற்சி தரும் பெண் நேற்று வந்திருந்தாள். பழகிய குரல்களைக் கேட்க விடுங்கள் என்றாள். உன் குரலைத் தேடித்தான் அக்காவின் போனைத் திறந்தேன். முதலில் கேட்டது அவள் உனக்கு அனுப்பியிருந்த குரல் பதிவு.

"வேன் கழுவும்போது வலது கை செத்துப்போச்சுடி. பத்து நிமிஷத்துல சரியாயிடுச்சு. மாமாகிட்ட மூச்சு விடாத. பள்ளிக்கூடத்துல தெரிஞ்சா வேனைத் தொட விடமாட்டாங்க."

பதினோரு நாள் கழித்து இன்னொன்று. பேசும்போது நாக்கு குழறியதாம், பிறகு சரியாகிவிட்டதாம். இரண்டுக்கும் உன் பதில் ஒன்றுதான்: "சரிக்கா, சொல்லல. ஆனா டாக்டரைப் பாரு."

ஒரு 'ஆனா' போட்டுவிட்டால் தீர்ந்ததா? மருந்துக்கடையில் நிற்கிறவள் நீ. அது என்ன எச்சரிக்கை என்று உனக்குத் தெரியாதா? அவள் இருபத்திரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டினாளே, அதுகூட உனக்கு உறைக்கவில்லையா?

அவள் விழுந்த அன்று ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம் கேட்டார், இதற்கு முன் கை மரத்ததா, பேச்சு குழறியதா என்று. இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னேன். இருபது வருஷம் கூட வாழ்ந்தவன் சொன்ன லட்சணம் அது.

நான் குழாய் வேலைக்காரன் என்று தெரிந்ததும் அவர் குழாயை வைத்தே விளக்கினார். மூளைக்குப் போகிற குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகி அடைத்துக்கொண்டதாம். முன்பு இரண்டு தடவையும் அது தானாகக் கரைந்திருக்கிறது என்று நேற்றுதான் எனக்குப் புரிந்தது. இந்த முறை கரையவில்லை. கரைக்க ஊசி இருக்கிறது, ஆனால் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். "கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க?" என்றார்.

அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு பத்து மணிக்கு வந்தாள். கை கனக்கிறது, படுத்தால் போய்விடும் என்றாள். இரண்டு தடவை போனதே, அந்தத் தைரியம். வாய் ஒரு பக்கம் லேசாக இழுத்திருந்தது. நான் பார்த்தேன். களைப்பு என்று நினைத்து, போர்த்திவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். மூன்றேகாலுக்கு, வேன் வரவில்லை என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்த பிறகுதான் ஓடி வந்தேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே கிடந்தாள்.

நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கதவைச் சாத்தியிருப்பேனா? சொல்.

அவளையும் திட்ட வேண்டும். ஆனால் திருப்பித் திட்ட அவளுக்கு வாய் இல்லை. எல்லாம் புரிகிறது, சொல்தான் வரவில்லை. அப்படிப்பட்ட சண்டை எனக்கு வேண்டாம். அதனால் உன்னைத் திட்டுகிறேன்.

நேற்று உன் பதிலை அவள் பக்கத்தில் வைத்தே இன்னொரு தடவை போட்டேன். கோபத்தில்தான் போட்டேன், பொய் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து இடது கையால் போனைத் தடவி எடுத்து, திரையில் உன் படத்தைக் காட்டி, என் கையில் வைத்து அழுத்தினாள். நான் கூப்பிடவில்லை. காலையில் மறுபடி அதே போனை நீட்டினாள். இப்போது இதை எழுதுகிறேன்.

உனக்கும் பிரஷர் உண்டு. மாத்திரையை விடாதே. கை மரத்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு சிக்கினாலோ, அரை நிமிஷத்தில் சரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடு. உன் வீட்டுக்காரரிடம் மறைக்காதே. இன்னொரு வீட்டில் ஒருவன் இப்படி உட்கார்ந்து எழுத வேண்டாம்.

லீவு கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருக்காமல் புறப்பட்டு வா. வாசலிலேயே நிறுத்தித் திட்டுவேன். நான் முடிக்கும்வரை நிற்காதே. நீ பாட்டுக்கு உள்ளே போ.

கோபம் தீராத
உன் மாமா