நீங்கள் வீடு பார்க்க வந்த நகரம்

இல்லை, அது விரதம் இல்லை. பக்கத்து இருக்கைப் பெண்மணியிடம் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. ஜமுனாமரத்தூர் பேருந்து வளைவில் திணறியபோது உள்ளே டீசல் வாசனை நிறைந்தது. நான் தனியாகச் சிரித்தேன். ஏன் என்று கேட்டார். பாங்காக்கில் முதல் நாள் என் மாமா ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் ஊர் சுற்றினார் என்றேன். விரதமா என்றார்.

மீதியை உங்களிடமே சொல்கிறேன், மாமா. உங்களுக்குத் தெரிந்த கதைதான்.

எனக்கு அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை கிடைத்திருந்தது. அப்பா இல்லாத வீட்டில் என் படிப்புக்கெல்லாம் தலையசைத்தவர் நீங்கள். அம்மா ஒதுங்கிக்கொண்டார். "உன் மாமன் சரின்னா சரி." நீங்கள் வேண்டாம் என்றால் போக மாட்டேன். அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

"நான் பாக்காத ஊருக்கு உன்ன எப்டி அனுப்புவேன் பாப்பா? கூட வர்றேன்."

உங்களுக்குப் புதூர்நாட்டை விட்டால் திருப்பத்தூர். மிஞ்சினால் வேலூர். அதற்கு அடுத்து பாங்காக்.

வெயில். ஈரமான வெயில், நம் பக்கம் இல்லாதது. தலைக்கு மேலே ரயில், அதற்குக் கீழே சாலை, அதற்கும் கீழே கால்வாய். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படகில் குதித்தீர்கள். டீசல் புகை. எதிர்ப்படகு கிளப்பிய அலை உள்ளே தெறிக்கவும், ஓரத்தில் இருந்தவர்கள் கயிற்றை இழுத்துத் தார்ப்பாயை உயர்த்தினார்கள். யாரும் சொல்லாமலே நீங்களும் ஒரு கயிற்றைப் பிடித்தீர்கள். எதிரே அலுவலக உடையில் ஒருவர். இருவரும் கிணற்றில் நீர் இறைப்பவர்களைப் போல மாறிமாறி இழுத்தீர்கள். இறங்கும்போது அவர் உங்களைக் கும்பிட்டார். நீங்களும் கும்பிட்டீர்கள்.

"மரியாதையான ஆளுங்க" என்றீர்கள். அவ்வளவுதான்.

அரண்மனை, பொற்கோபுரம், மிதக்கும் சந்தை என்று நான் திட்டம் வைத்திருந்தேன். நீங்கள் சந்துகளுக்குள் போனீர்கள். வீடுகளின் பின்பக்கத்தைப் பார்த்தீர்கள். மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று சாக்கடையைக் குனிந்து பார்த்தீர்கள். ஏசி போட்ட ஒரு கடையின் வாசலில் ஒரு நாய் நீட்டிப் படுத்திருந்தது. எல்லோரும் அதைத் தாண்டிப் போனார்கள். அங்கே வெகுநேரம் நின்றீர்கள்.

"பயமில்லாம தூங்குது பாரு."

ஒரு வீட்டின் முன்னால், தூண்மேல் பொம்மை வீடு போல ஒன்று. உள்ளே சாமி. எதிரே சிவப்புக் குளிர்பானம், அதில் உறிஞ்சுகுழல்.

"சாமிக்கா? ஸ்ட்ரா போட்டா?" சிரித்து முடிக்க முடியவில்லை உங்களால். "நம்ம சாமி இன்னும் பொங்கலோடவே கெடக்குது, பாவம்."

மதியம். நூடுல்ஸ் கடை. எனக்கு ஒரு கிண்ணம், உங்களுக்கு ஒரு கிண்ணம். தொடவில்லை. காலையில் காபியும் வேண்டாம் என்றிருந்தீர்கள். தண்ணீர் மட்டும்.

"இன்னா மாமா, புடிக்கலியா?"

"வாசன நல்லாதான் இருக்குது."

"அப்றம்?"

"வூடு பாக்க வந்த எடத்துல எப்டிம்மா கை நனைப்பாங்க?"

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. நம் மலையில் பெண் கொடுக்கும் முன் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போவோம். பார்க்கலாம், பேசலாம், உட்காரலாம். அங்கே சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். மனம் ஒப்பும்வரை யாரும் கை நனைக்க மாட்டார்கள். ஆனால் ஒரு நகரத்தையே மாப்பிள்ளை வீடாக நினைப்பார்களா? நீங்கள் நினைத்தீர்கள்.

"ஃப்ளைட்ல மட்டும் ரெண்டு தட்டு சாப்ட்டீங்க?"

"அது யாரு வூடு? அது பஸ்ஸுதானே."

சிரித்தேன். பிறகு பயந்தேன். இன்னும் சம்மதமில்லை என்றுதானே அதற்குப் பொருள். என் கிண்ணத்தையும் தள்ளி வைத்தேன்.

"நீ சாப்புடு."

"நீங்க சாப்ட்டா சாப்புடறேன்."

"அப்டியே உங்கம்மா."

பட்டினியாக நடந்தோம், இருவரும். பூச்சந்தைக்குப் போகும் வழியில் கேட்டீர்கள், என்னைப் பார்க்காமல்: "உனக்கு ஒடம்பு சரியில்லன்னா இங்க யாரு கஞ்சி வச்சித் தருவாங்க?"

காப்பீடு இருக்கிறது, மருத்துவமனை பக்கம்தான். சொல்லிப் பார்த்தேன். பதில் அது இல்லை என்று எனக்கே தெரிந்தது.

"தெரியல மாமா."

தலையாட்டினீர்கள். ஊருக்குத் திரும்பும் முகம் அது.

அப்புறம் நடைபாதை சாய்ந்தது. அல்லது நான். கண்ணுக்குள் மஞ்சள். யாரோ என் முழங்கையைப் பிடித்து ஒரு முக்காலியில் அழுத்தினார்கள். பழக்கூடைக்காரப் பெண்மணி. தன் குடையை என் பக்கம் சாய்த்தார். பனிக்கட்டிப் பெட்டியில் நனைத்த துணியைப் பிடரியில் வைத்தார். இடுப்புப் பையிலிருந்து சிறு குப்பியை எடுத்து மூக்கில் செருகினார். கற்பூரம் போல ஏதோ சுரீரென்றது. இடைவிடாமல் திட்டினார். ஒரு சொல்லும் புரியவில்லை. வெயிலில் சாப்பிடாமல் சுற்றுகிற பெண்ணைத் திட்டுவது எந்த மொழியிலும் அதுதான்.

கூடையிலிருந்து ஒன்றை உடைத்து என் வாயில் திணித்தார். அப்போதுதான் நீங்கள் கூடையைப் பார்த்தீர்கள்.

"ஐய, புளி! மயக்கம் வந்த பொண்ணுக்குப் புளியா?"

என் வாய் நிறையப் பழம். இனித்தது. பேரீச்சை போல இனித்தது.

அவர் உங்களுக்கும் ஒன்றை உடைத்து நீட்டினார். வாழ்நாளெல்லாம் புளி உலுக்கியவர் நீங்கள். வாங்கினீர்கள். முகர்ந்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள், என் பிடரியிலிருந்த அவர் கையைப் பார்த்தீர்கள். பிறகு வாயில் போட்டுக்கொண்டீர்கள்.

மென்றீர்கள். கொட்டையைத் துப்பினீர்கள். இன்னொன்றுக்குக் கை நீட்டினீர்கள்.

"எம் பொண்ணும்மா" என்றீர்கள் அவரிடம், தமிழிலேயே. "பாத்துக்கோங்க." அவர் தாய்லாந்து மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். நீங்கள் "ஆமாமா" என்றீர்கள்.

அங்கேயே நடைபாதையில் குந்தி அத்தைக்கு போன் போட்டீர்கள். ஒலிபெருக்கியில்.

"ஏய், கை நனைச்சிட்டேன்."

மலையிலிருந்து ஒரு கூச்சல். அம்மாவின் குரலும் அதில் இருந்தது. பிறகு அத்தை: "இன்னாத்த சாப்ட்ட?"

"புளி."

"புளியத் தின்னுட்டா சம்மதம் சொன்ன? வெயில்ல மூள கலங்கிப் போச்சா?"

"இனிக்குதுடி."

"போதையில பேசாத, பாப்பாகிட்ட போனக் குடு."

நீங்கள் இல்லாத முதல் கோடை இது. மலையில் அழுதவர்கள் போதும். எனக்கு நினைக்கும்போதெல்லாம் சிரிப்புத்தான் முதலில் வருகிறது. எந்தப் புது ஊரிலும் கோபுரங்களுக்கு முன்னால் சந்துகளைப் பார்க்கிறேன். தூங்கும் நாய்களைப் பார்க்கிறேன். தெரியாதவர் யாராவது தள்ளாடினால், என் கை என்னைக் கேட்காமல் போய்ப் பிடிக்கிறது. யாரு கஞ்சி வச்சித் தருவாங்க என்ற உங்கள் கேள்விக்கு அதுதான் என்னால் முடிந்த பதில்.

அன்று சாயங்காலம் மூன்று கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டீர்கள். மூன்றாவது கிண்ணத்தின்போது கைபேசியை எடுத்து, வேலையை ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதி அனுப்பினேன்.