தானே அடித்துக்கொண்ட டிரம்ஸ்

புதுச்சேரி
12.11.2006

அன்புள்ள அம்மாவுக்கு, பூர்ணிமாவின் வணக்கம். முட்டிவலி குறைந்ததா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

தட்டாஞ்சாவடியில் எங்கள் ரெக்கார்டிங் ஸ்டுடியோவுக்கு எலக்ட்ரானிக் டிரம்ஸ் வந்தது. கம்ப்யூட்டரோடு இணைக்கும் வேலை எனக்கு. ரப்பர் தட்டில் அடித்தால், சாப்ட்வேரில் பதிந்திருக்கும் நிஜ டிரம்ஸ் சத்தம் கேட்கும். ஆனால் இதுவோ யாரும் தொடாமலே அடித்துக்கொண்டிருந்தது. வயரை மாற்றினேன், சாப்ட்வேரை மறுபடி ஏற்றினேன், நிற்கவில்லை. முதலாளி கலியபெருமாள், "பொட்டிய கடைக்கே திருப்பிடலாம்மா. நீயும் கொஞ்ச நாள் ஊருக்குப் போய்ட்டு வா" என்றார். வேலை போனது என்றே நினைத்தேன்.

மதியம் கீழ்த்தளத்துப் பட்டறையில் மெஷினை நிறுத்தினார்கள். டிரம்ஸும் அடங்கியது. தரை அதிர்வதைத்தான் அடி என்று அது எண்ணியிருக்கிறது. கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வராமலிருக்க, நம் கிரைண்டருக்கு அடியில் நீ சாக்கை மடித்து வைப்பாயே, அது ஞாபகம் வந்தது. ஸ்டாண்டுக்கு அடியில் சாக்கு வைத்தேன். லேசான அதிர்வை ஒதுக்கும்படி சாப்ட்வேரையும் மாற்றினேன். பட்டறை ஓடும்போதே ஒரு பாட்டை முழுதாகப் பதிவுசெய்தோம். முதலாளி, "இனிமே இந்த ரூம் சாவி ஒங்கிட்டயே இருக்கட்டும்" என்று கொடுத்துவிட்டார். பொங்கலுக்குள் இவள் ஊருக்கே திரும்பிவிடுவாள் என்றாரே பெரியப்பா, அவரிடம் இதைச் சொல்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் நம் வீட்டுச் சாக்கைக் கொடுத்தனுப்பு. இங்கே கிடைக்காமல் இல்லை. இதில் மாவு வாசனை இல்லை.

டிரம்ஸ் வாசிப்பவர் வந்து வெளியே நிற்கிறார். நான் போய்த் திறந்தால்தான் உண்டு.

உன் மகள்,
பூர்ணிமா