நீலச் சட்டைச் சிப்பாய்

தபெர்னாஸ்,
செப்டம்பர் 1968

அன்புத் தம்பி இந்தலேசியோவுக்கு,

உன் அண்ணன் ஹினெஸ் சொல்லச் சொல்ல அண்ணி எங்கார்னா எழுதுகிறேன். இங்கே நலம். ஜெர்மனியில் குளிர் தொடங்கியிருக்கும், நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள். நம் பாதாம் தோட்டத்தை வாங்கியவன் சுற்றிலும் வேலி போட்டுவிட்டான். அண்ணனுக்கு அதில் வருத்தமில்லையாம். கண் போனவனுக்குத் தோட்டம் எதற்கு என்கிறார். அதை விற்றதால்தானே நீ ரயிலேறிப் பிழைத்தாய், அது போதுமாம்.

ரோமாபுரிக்காரர்கள் இங்கே வந்து எடுத்த, நீயும் அண்ணனும் நடித்த கௌபாய் படம் ஊருக்கு வந்தது. சனிக்கிழமை திறந்தவெளியில் திரை கட்டிப் போட்டார்கள். "என் மூஞ்சியப் பாக்க ஊரே போகுது, நான் போகாட்டி எப்படி?" என்று அண்ணனும் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

செவ்விந்தியக் கைதியாக வரும் அண்ணனைச் சிப்பாயாக வரும் நீ சுடும் இடம் வந்தது. வெடித்ததும் ஒரே கைதட்டல். பின்வரிசையில் ரொட்டிக்கடை மெல்ச்சோர், "என்னமா விழுறான்யா! நெசமாவே சுட்ட மாதிரி இருக்கு!" என்று கத்தினான். தெரியாமல் இல்லை. அந்த வெடியில்தான் அவர் கண் போனது என்று ஊருக்கே தெரியும். தெரிந்துதான் தட்டினார்கள்.

அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அது என் கொரல் இல்லடி. நான் அம்மான்னுதானே கத்தினேன்?" என்றார். ரோமாபுரியில் யாரையோ கத்தவிட்டு ஒட்டியிருக்கிறார்கள். கண்ணை எடுத்துக்கொண்டவர்களுக்கு அவர் கத்தல் மட்டும் பிடிக்கவில்லை. அன்றைக்கும் அப்படித்தானே? ஆஸ்பத்திரி வண்டி கிளம்புமுன் அவர்மேல் போர்த்திய கம்பளியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள், அடுத்த காட்சிக்கு வேண்டுமென்று.

வீட்டுக்கு வரும் வழியில், "தம்பி மொகம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தாய் என்றேன். அழுதுவிட்டார். "பாவம்டி, என்னவிட அவன்தான் நொந்துபோயிருப்பான். கிறிஸ்துமஸுக்கு வரச்சொல்லி எழுது." எழுதிவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு வா.

இதுவரை அவருக்குத் தெரிந்து எழுதியது. இனி நான்.

அவர் எதிரேதான் உட்கார்ந்திருக்கிறார். பேனா ஓடும் சத்தம் கேட்டு, "இன்னும் என்னடி எழுதுற?" என்கிறார். அடுப்படிச் சேதி என்கிறேன்.

நீ கண்ணை மூடவில்லை, இந்தலேசியோ.

படப்பிடிப்பு அன்று நான் குடத்தோடு பெண்கள் கூட்டத்தில் நின்றேன். எனக்குப் புகைதான் தெரிந்தது. ஆனால் துப்பாக்கிகளைப் பார்த்துக்கொள்ளும் அம்ப்ரோசியோ உங்களுக்குச் சொன்னது காதில் விழுந்தது. "எல்லாம் பழைய துப்பாக்கி. குண்டு இல்லேன்னு நெனைக்காதீங்கடா, வெடிமருந்து இருக்கு, அதை அடைச்ச காகிதத் தக்கை இருக்கு. கிட்டத்துல அதுவே ஆளைத் தின்னுடும். தோளுக்கு வெளியே குறி வைங்க." நீ தலையாட்டினாய்.

அண்ணன் கருகிய முகத்தோடு கிடந்தபோது, பின்னால் குதிரை இடித்துவிட்டது என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாய். எல்லாரும் நம்பினோம். நான்தான் உனக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

படத்தில் உன் பின்னால் குதிரையே இல்லை. வெறும் மணல். நீலச் சட்டையில் சிரித்துக்கொண்டே நிற்கிறாய். சிரிப்பு வேஷத்துக்காக என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் துப்பாக்கிக் குழாய் முதலில் அவர் தோளுக்கு வெளியே இருக்கிறது, பிறகு மெதுவாக அவர் முகத்துக்கு வருகிறது. நின்று பார்த்துவிட்டுத்தான் சுடுகிறாய். அன்று காலையில்தான் தோட்டத்தை விற்கமாட்டேன் என்று அவர் உன்னிடம் முடிவாகச் சொல்லியிருந்தார்.

வேறு யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் விழுகிறவரைத்தான் பார்த்தார்கள். நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. அவருக்கு மிச்சமிருப்பது நீ ஒருவன்தான், உன் பெயரைச் சொல்லித்தான் சாப்பிடவே உட்காருகிறார். அதையும் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. விடுமுறை கிடைக்கவில்லை என்று அவருக்கு எழுது. வருஷா வருஷம் எழுது. நான் படித்துக் காட்டுகிறேன்.

உனக்கு ஒரு குறையும் வரவேண்டாம். வியாகுல மாதா உனக்கு நல்ல வேலையும் பெண்டாட்டி பிள்ளையும் நீண்ட ஆயுளும் தரட்டும். அங்கேயே தரட்டும்.

உன் அண்ணி,
எங்கார்னா