எழுத்தில்லாத வண்டி

பிப்ரவரி 3, செவ்வாய்

தம்பி பெய்டன் வந்தான். குலத்தலைவனாகி ஆறு வருடமாகியும் நாற்காலியில் நேராக உட்காரத் தெரியவில்லை. அடுத்த மாதம் பதினான்காம் தேதி அராபா இறந்த முதல் வருடப் பூசை. அதோடு துக்கம் முடிகிறது. அவள் குழந்தை எக்குவா அதற்குப் பிறகு யாரிடம் வளர்வது என்று நான்தான் சொல்ல வேண்டுமாம்.

"பிள்ளை நம்ம ரத்தம் அக்கா. தாய்வழிதானே வழி? நீ சரின்னா அன்னைக்கே தூக்கிட்டு வந்துடலாம்."

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அராபா என் தங்கை மகள். தங்கையும் போய்விட்டாள். அராபாவின் கணவன் எக்கோ எல்மினாவுக்கும் கேப் கோஸ்டுக்கும் ஆள் ஏற்றும் டிரோட்ரோ வேன் ஓட்டுகிறவன். அவன் வீட்டில் சீப்பு இருக்கிறதா என்பதே சந்தேகம். பரணிலிருந்து இரும்புத் தொட்டிலை இறக்கித் துடைத்து வைத்தேன்.

பிப்ரவரி 5, வியாழன்

தொட்டிலில் பூனை குட்டி போட்டிருக்கிறது. யாரைக் கேட்டு?

பிப்ரவரி 8, ஞாயிறு

எக்கோ இன்றும் பூசைக்கு உள்ளே வரவில்லை. அடக்கத்துக்குப் பிறகு அவன் கோவில் வாசலை மிதித்ததே இல்லை. ஆனால் ஞாயிறு தவறாமல் வேனைக் கொண்டுவந்து, என் இருக்கைக்கு அடுத்த ஜன்னலோரம் நிறுத்தி, குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறான். பூசை முடிந்ததும் போய்க் கேட்டேன்.

"உள்ளே வந்தா என்ன மாப்பிள்ளை?"

"கோபம் ஆன்ட்டி."

"யார் மேல? பங்குச் சாமியார் மேலயா?"

"அவருக்கும் மேல."

"அப்ப வீட்லயே இருக்கிறதுதானே?"

"வீட்ல இருந்தா, நான் கோபமா இருக்கேன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

எங்கள் கன்னியர் மடத்துப் பள்ளியில் ஆண்டவரிடம் கோபிப்பதும் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசுவதும் ஒரே வகைக் குற்றம். என் கணவர் தாமஸ் போனபோது நான் அழுதேன். வாதாடவில்லை. மரியாதை என்று ஒன்று இருக்கிறது.

அவன் வண்டியின் பின்கண்ணாடியில் 'ஆண்டவர் பார்த்துக்கொள்வார்' என்று எழுதியிருந்தது. அடக்கம் முடிந்த மாலையே அதன்மேல் கறுப்பு பூசிவிட்டான். இந்த ஊரில் வாசகம் இல்லாமல் ஒரு வேனும் ஓடாது. எழுத்தில்லாத வண்டி எதையோ மறைக்கிறது என்று பாதிப் பேர் ஏறுவதில்லை. மீன்காரிகள் மட்டும் ஏறுகிறார்கள். அவர்களுக்கு எதற்குமே பயமில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

சொல்லாமல் போய் அவன் வண்டியில் ஏறினேன். குழந்தை அவன் பக்கத்தில் இல்லை. மூன்றாம் வரிசையில், கருவாட்டுக்காரி அட்ஸோபா மடியில்! ஒருத்தி இறங்கினால் குழந்தை அடுத்தவள் மடிக்குப் போகிறது, காணிக்கைத் தட்டு வரிசை வரிசையாகப் போவதுபோல. எல்லோரையும் அது "மாமே" என்கிறது, அம்மாவாம். உடம்பெல்லாம் புகை மீன் வாசனை.

"என்ன பெரிய வீட்டு ஆன்ட்டி, மூக்கு சுருங்குது?" என்றாள் அட்ஸோபா. "நான் இங்க இறங்கணும். உங்க மடி காலியா, இல்ல வாடகைக்கு விட்டுட்டீங்களா?"

வண்டியே சிரித்தது. இஸ்திரி போட்ட என் வெள்ளைப் பாவாடையில் குழந்தையை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அது என் ஜெபமாலையை வாயில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டது.

தலை சுத்தமாக வாரியிருந்தது. வகிடு கோணல்.

என் நிறுத்தம் போய்விட்டது. திரும்பி வரும்போதும் போய்விட்டது.

மார்ச் 1, ஞாயிறு

அராபா எங்கள் பாடகர் குழுவில் பெண்களின் கீழ்க்குரல் பாடியவள். இன்று காணிக்கைப் பாட்டில் அவள் பகுதி ஜன்னலுக்கு வெளியிலிருந்து கேட்டது. எக்கோ, குழந்தையின் காதருகில் முணுமுணுக்கிறான். சுருதி சேரவில்லை. ஆண்கள் அதைப் பாடவும் கூடாது.

ஜெபப் புத்தகம் கைதவறி விழுந்துவிட்டது. குனிந்து எடுக்க நேரமாயிற்று.

மார்ச் 6, வெள்ளி

காலைக் கஞ்சியில் கரண்டி வைக்கும்போது எக்கோ கதவைத் தட்டினான். தோளில் குழந்தை, அனலாய்.

"இதைச் சொன்னா நீங்க பிள்ளையை எடுத்துக்குவீங்கன்னு தெரியும் ஆன்ட்டி. ஆனாலும் வந்துட்டேன். உடம்பு சுடுது."

செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன் — நான்! மலேரியா. ஊசி போட்டார்கள். ஆஸ்பத்திரி பெஞ்சில் அவன் கூரையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தான், உரக்க.

"ஒருத்தியை எடுத்தீரு. நான் ஒண்ணும் கேக்கல. சரி, கேட்டேன், திட்டினேன். அதுக்காக இவளையா? இவளைக் குடுக்க மாட்டேன். காதுல விழுதா?"

நர்ஸ் அதட்டினாள். நான் நர்ஸை அதட்டினேன். ஏன் என்று இன்னும் புரியவில்லை.

பிற்பகலில் காய்ச்சல் இறங்கியது. மறுபடியும் கூரையைப் பார்த்தான். "சரி. நன்றி. ஆனா பழைய வழக்கு அப்படியே இருக்கு."

எந்த ஜெபப் புத்தகத்திலும் இல்லாத ஜெபம். முழங்காலில்கூட நிற்கவில்லை. ஆனால், இன்று மேலே எந்த ஜெபமாவது காதில் விழுந்திருந்தால் — அது இதுதான்.

மார்ச் 14, சனி

வருடப் பூசை. முதல் வாசகம் முடியும் நேரம் பின்னால் சலசலப்பு. எக்கோ உள்ளே வந்திருந்தான். அராபாவின் துணியில் குழந்தையை முதுகில் கட்டியிருந்தான், அரிசி மூட்டையைக் கட்டுவதுபோல. ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. கோவிலே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. அட்ஸோபா எழுந்துபோய், "கொண்டா, பிள்ளையா வாழைத்தாரா இது?" என்று அவிழ்த்துக் கட்டிவிட்டாள்.

கடைசிவரை இருந்தான். பாட்டில் அந்தக் கீழ்க்குரல். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பந்திக்குப் பிறகு பெய்டனும் எக்கோவும் என் வீட்டுக்கு வந்தார்கள். எக்கோ வாசலிலேயே நின்றான். குழந்தையை இறக்கவில்லை.

"என்ன அக்கா, எடுத்துக்கலாமா?"

"தொட்டில் காலியில்லை."

"பூனையைத் துரத்திட்டா காலி."

"குட்டிங்களுக்கு இன்னும் கண்ணு திறக்கலை."

ஒரு குட்டி பெய்டனின் செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு ஒரு வழியாக நேராக உட்கார்ந்தான்.

"சரி மாப்பிள்ளை," என்றான். "பிள்ளை உன்கிட்டயே இருக்கட்டும்."

மார்ச் 17, செவ்வாய்

எக்கோ பின்கண்ணாடியைக் காட்ட வந்தான். கறுப்பைச் சுரண்டவில்லை. அதன்மேலேயே வெள்ளையில்: 'கோபம்தான். ஆனாலும் பேசுகிறோம்.'

மறைக்கல்விப்படி இது சரியில்லை என்று சொன்னேன். எழுத்தும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. ஆனால் அவன் இறங்குவதற்குள் சந்தையில் வண்டி நிறைந்துவிட்டதாம்.

மாலை ஜெபமாலைக்குப் பிறகு, ஆண்டவரிடம் புத்தகத்தில் இல்லாத ஒரு கேள்வி கேட்டேன். தாமஸைப் பற்றி. மரியாதைக்காக இத்தனை வருடம் கேட்காமல் விட்டது.

நாளை இன்னும் கொஞ்சம் உரக்கக் கேட்க வேண்டும்.